ஆளைக் கேளாத தீர்ப்பு

மனுவைத் தள்ளும் அதிகாரம் எல்லாச் சர்க்கார்களுக்கும் உண்டு. தள்ளப்பட்டவன் வாய் திறந்து பேசும்போது செவி கொடுக்கும் கடமையை உணர்ந்த சர்க்கார்களோ மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்றாக விளங்கிய ஆஸ்திரேலியா, இப்பொழுது அக்கடமையைச் சுமையென்று கருதத் தலைப்பட்டிருக்கின்றது. தற்காலிக விசா மறுக்கப்பட்டவர்களுக்காக அந்நாடு ஏற்படுத்தியுள்ள மறுவிசாரணை மன்றத்தைப் பற்றியும், அம்மன்றத்திலிருந்து மனிதக் குரலை வெளியேற்றும் முயற்சியைப் பற்றியும், அதனின்று நாம் கற்க வேண்டிய பாடத்தைப் பற்றியும் எழுதத் துணிகின்றோம்.

“தோட்டத்துக் கிராணிக்கு அயல்நாட்டுச் சட்டம் எதற்கு?” என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர் நகைக்க. லயத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் எழுத்தறிந்து, பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் மேற்படிப்பு நாடிச் செல்லும் பிள்ளைகள் இன்று நம்மிடையே உளர். அவர்கள் கையில் கொண்டு செல்வது படிப்பு முடியும் வரை தங்கவிடும் தற்காலிக விசா. அது மறுக்கப்பட்டால் நம்மவர் செய்வது யாது? “தலையெழுத்து” என்று கையைப் பிசைவோர் சிலர், “ஏஜெண்டு கெடுத்தான்” என்று வைவோர் சிலர், “அவர்கள் வீடு, அவர்கள் வாசல், திறப்பதும் அடைப்பதும் அவர்கள் இஷ்டம், ஏன் என்று கேட்க நாம் யார்?” என்று வேதாந்தம் பேசுவோர் பலர்.

இந்த வீட்டு வேதாந்தத்தை முதலில் சோதிப்போம். எந்த வீட்டுக்காரன் வாசலில் நின்று விருந்தினனிடம் கட்டணம் வசூலிக்கின்றான்? ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கான மனுக் கட்டணம் 2024 ஜூலையில் 710 வெள்ளியிலிருந்து 1,600 வெள்ளியாயிற்று. 2025 ஜூலையில் 2,000 வெள்ளியாயிற்று. மனு தள்ளப்பட்டாலும் அத்தொகை திரும்புவதில்லை. மேலும், எந்த வீட்டுக்காரன் இன்ன இன்ன தகுதியுடையவன் உள்ளே வரலாம் என்று சட்டம் எழுதி வைக்கின்றான்? 1958-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, தகுதிகள் நிறைவேறியுள்ளன என்று மந்திரிக்குத் திருப்தி ஏற்படின் விசா வழங்கப்படவேண்டும் என்றே விதிக்கின்றது. விதி எழுதி, விலை குறித்து, பணமும் பெற்றுக்கொண்ட பின் அளிக்கப்படும் விடை தயவு அன்று, அது தீர்ப்பு. தீர்ப்பு என்றால் காரணம் வேண்டும். காரணம் கூறப்பட்டால் மறுமொழி கூற இடம் வேண்டும். இது பிச்சைக்காரன் வழக்கு அன்று, மனிதன் வழக்கு.

ஆஸ்திரேலியா இவ்வுண்மையைப் பிறவியிலேயே அறிந்திருந்ததன்று. 1901-இல் அது இயற்றிய குடிநுழைவுத் தடைச் சட்டத்தில் சொல்லெழுதும் பரீட்சை ஒன்று இருந்தது. உத்தியோகஸ்தர் தாம் தேர்ந்தெடுக்கும் ஓர் ஐரோப்பிய பாஷையில் 50 சொற்கள் கொண்ட பகுதியைப் படிப்பார்; வந்தவன் அதனை எழுத வேண்டும். ஆங்கிலம் அறிந்தவனுக்கு அவன் அறியாத வேறொரு பாஷையில் பரீட்சை வைக்கலாம். வெள்ளையர் அல்லாதாரை நிறத்தின் பெயர் சொல்லாமல் நிறுத்தக் கண்டுபிடித்த தந்திரம் இது. 1909-க்குப் பின் அப்பரீட்சையில் தேறியவர் ஒருவரும் இலர். 1934-இல், பாசிசத்தை எதிர்த்துப் பேச வந்த எகோன் கிஷ் என்னும் எழுத்தாளர் பல ஐரோப்பிய பாஷைகள் அறிந்தவராயிருந்தமையால், அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். அந்நாட்டுத் தலைமை நியாயஸ்தலமாகிய ஹைக்கோர்ட்டு, சட்டம் கருதிய ஐரோப்பிய பாஷை கேலிக் அன்று என்று கூறி அத்தண்டனையைத் தள்ளியது. பரீட்சை மட்டும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழியும் வரை உயிருடன் இருந்தது.

பாஷையைக் கொண்டு வாயை அடைத்த காலம் அது. செவி கொடுக்கும் காலம் பின்னர் மெதுவாகவே வந்தது. டோங்கா தீவினர் ஒருவர் 1981-இல் தற்காலிக அனுமதியுடன் பயிற்சி பெற ஆஸ்திரேலியா வந்தார். அனுமதிக் காலம் முடிந்தது. 1982-இல் புயல் அவர் தாயகத்தைப் பாழாக்கியது. அவர் தங்கிவிட்டு, வேலை செய்து, ஊருக்குப் பணம் அனுப்பினார். பிடிபட்டார், நாடுகடத்த உத்தரவாயிற்று. சட்டத்தை ஏமாற்ற முயலும் பிறரோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்று உத்தியோகஸ்தர் ஒருவர் கோப்பில் எழுதி வைத்திருந்தார். அக்குற்றச்சாட்டு அவருக்குக் காட்டப்படவேயில்லை. 1985-இல் ஹைக்கோர்ட்டு, ஒருவனுக்குப் பாதகமானதைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அவன் மறுமொழி கூற வாய்ப்பளியாமல் முடிவு செய்தல் இயற்கை நீதிக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து அவ்வுத்தரவை ரத்து செய்தது. கியோவா வழக்கு என்று சட்டம் படிப்போர் யாவரும் அறிந்தது இது. தங்கும் உரிமை இழந்த அந்நியனுக்கும் பேசும் உரிமை உண்டு என்பதே அதன் சாரம்.

இதன் பின் வந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டம் குடிநுழைவு மறுவிசாரணைக்கென்றே ஒரு மன்றத்தை ஏற்படுத்தியது. 1999-இல் வேறொரு மன்றம் அதன் இடத்தில் அமைந்தது. 2015-இல் அது பொது நிர்வாக மேல்முறையீட்டு மன்றத்தோடு இணைக்கப்பட்டது. கட்சிச் சார்புடைய நியமனங்களால் அம்மன்றத்தின் பெயர் கெட்டது. அதனைக் கலைத்து, 2024 அக்டோபர் 14 முதல் அட்மினிஸ்டிரேட்டிவ் ரிவியூ டிரிபியூனல் என்னும் நிர்வாக மறுவிசாரணை மன்றத்தை நிறுவினார்கள்.

இம்மன்றத்தின் வேலை உத்தியோகஸ்தரைத் தண்டிப்பதன்று. அவர் இருந்த நாற்காலியில் அமர்ந்து, மனுவைப் புதிதாக ஆராய்ந்து, சரியான முடிவு எது என்று காண்பது. முன்பு கொடாத அத்தாட்சியைக் கொடுக்கலாம். மறுப்பை உறுதிசெய்யவும், அதனை நீக்கி மனுவைத் திருப்பி அனுப்பவும் மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. கோர்ட்டுக்குப் போனாலோ, சட்டப் பிழை இருந்ததா என்று மட்டுமே பார்ப்பார்கள். உண்மை யாது என்று மறுபடி விசாரியார்கள். ஆகவே உண்மையைச் சொல்லக் கிடைக்கும் கடைசி இடம் மன்றமே.

அங்கே நெடுங்காலமாக நடந்து வந்த வழக்கம் ஒன்றை வாசகர் கவனிக்க வேண்டும். மனுதாரனை வரவழைத்து, எதிரே இருத்தி, அவனுக்கு ஆங்கிலம் வாராதாயின் மன்றத்தின் செலவிலேயே மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக் கேட்டார்கள். தமிழனாயின் தமிழிலேயே பேசலாம். எந்த நாடு ஒரு காலத்தில் பாஷையைக் கொண்டு மனிதனைத் துரத்தியதோ, அந்நாடே பின்னர் அவன் பாஷையில் அவனைக் கேட்கக் கூலி கொடுத்து ஆள் வைத்தது! நாகரிகம் வளர்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இச்சான்றினைத்தான் இப்பொழுது அழிக்கப் பார்க்கின்றார்கள். 2025-இல் ஆஸ்திரேலிய சர்க்கார் பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. மாணவர் விசா மறுப்பு போன்ற சில வழக்குகளில் வாய்மொழி விசாரணை வேண்டாம், தாள்களைப் பார்த்தே மன்றம் முடிவு செய்யட்டும் என்பது அதன் கொள்கை. காரணம், வழக்குகள் பெருகிவிட்டன என்பது. பெருகியது மெய், அவ்வாண்டில் மன்றத்தின் நிலுவை ஒரு லட்சத்தை மீறியது, மாணவர் வழக்குகள் மட்டும் பல்லாயிரம். வழக்கு முடியும் வரை தங்கவிடும் இடைக்கால விசா கிடைப்பதால், காலம் கடத்தவே சிலர் வழக்குத் தொடுக்கின்றனர் என்றும் குற்றம் சாட்டுகின்றனர்.

அப்படிச் செய்வோர் இலர் என்று நாம் வாதாடவில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம். பால்மரம் வெட்டுவோருள் ஒருவன் பாலில் தண்ணீர் கலக்கின்றான் என்பதற்காகப் பால் நிறுப்பதையே நிறுத்திவிடும் தோட்டம் உண்டோ? கலந்தவன் எவன், கலவாதவன் எவன் என்று அறிவதற்காகவே நிறுக்கின்றோம், சோதிக்கின்றோம். பொய்யனைக் கண்டுபிடிக்கவும் விசாரணைதான் வழி. எதிரே இருத்தி நான்கு கேள்வி கேட்டால் பொய்யன் தடுமாறுவான். அழகான தாள் தயாரித்துத் தரும் ஏஜெண்டை உடையவனோ, தாள் விசாரணையில் எளிதாகத் தப்புவான். நேரில் கேளாமையால் இலாபம் பொய்யனுக்கே. நட்டம் உண்மையுடைய ஏழைக்கே.

நிலுவை பெருகியதற்கு யார் காரணம்? மறுப்புகளை ஆயிரக்கணக்கில் குவித்தவர்கள் உத்தியோகஸ்தர்கள். அவற்றை விசாரிக்கப் போதிய ஆள் வைக்காதவர்கள் மந்திரிகள். தாமதத்தால் இலாபம் அடைபவன் மனுதாரன் என்கின்றனர். மாணவனின் நிலையைப் பாருங்கள். மன்றம் முடிவு செய்யும் நாளில் அவன் ஒரு கல்லூரியில் சேர்ந்திருப்பதற்கான உறுதிச் சான்று செல்லுபடியாக இருக்க வேண்டும். வழக்கு மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் இழுபட்டால், படிப்புக் காலம் கடக்கின்றது, சான்று காலாவதியாகின்றது. கடைசியில் “உன்னிடம் சான்று இல்லை” என்று தள்ளுகின்றார்கள். தாமதம் சர்க்காருடையது, தண்டனை மாணவனுடையது. வேகம் வேண்டுமென்றால் நாற்காலிகளைப் பெருக்குங்கள், செவிகளைக் குறைக்காதீர்கள். அவசரமே நீதியாகிவிடாது என்பதற்கு அவர்கள் ஹைக்கோர்ட்டே சாட்சி. விசா மனு செய்த ஒரு பெண் தன் தொழில்திறன் மதிப்பீட்டின் மறுபரிசீலனைக்குச் சிறிது காலம் பொறுக்கக் கேட்டாள். அன்றைய மன்றம் பொறாமல் தீர்ப்புக் கூறியது. அது நியாயமற்ற செயல் என்று 2013-இல் ஹைக்கோர்ட்டு தீர்த்தது.

தாளைப் பற்றி நமக்கு யாரும் உபதேசிக்க வேண்டா. நாம் தாளிலேயே காலம் கழிப்பவர்கள். செக்ரோலில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே வரவில்லை என்னும் குறி இருக்கும். அவள் குழந்தை இரவெல்லாம் ஜுரத்தில் துடித்தது அக்குறியில் இராது. தாள் பொய் சொல்வதில்லை. ஆயினும் பாதியைச் சொல்லும். மறுபாதியை ஆளைக் கேட்டால்தான் அறியலாம்.

விசா மனுவிலும் இதுவே கதை. ஒரு தகப்பனின் பாங்குக் கணக்கில் திடீரென ஒரு பெருந்தொகை ஏறியிருக்கின்றது. தாளை மட்டும் பார்ப்பவருக்கு அது காட்டுவதற்காகக் கடன் வாங்கிய பணம். நேரில் கேட்டால், பிள்ளையின் படிப்புக்கென ஊழியர் சேமநிதியிலிருந்து சட்டப்படி எடுத்தது என்றும், தாய் கட்டி வந்த கூட்டுப் பணம் கைக்கு வந்தது என்றும் விளங்கும். நமது பெயர் வழக்கில் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயர், மகன் மகள் என்பதற்குரிய மலாய்க் குறி, தந்தை பெயர் என்பதே முறை. ஒரு தாளில் தந்தை பெயர் முன்னும் மற்றொரு தாளில் பின்னும் நின்றால், அறியாத உத்தியோகஸ்தர் இருவர் என்று ஐயுறுவார். நேரில் கேட்டால் அரை நிமிஷத்தில் தீரும் ஐயம், தாளில் ஒரு வாழ்வைத் தீர்த்துவிடும்.

2024 மார்ச் 23 முதல், “உண்மையான மாணவன்தானா” என்பதை அறிய மனுத்தாளிலேயே சில வினாக்கள் வைத்திருக்கின்றார்கள். குடும்பம், ஊர், பொருள் நிலை, ஏன் இந்தப் படிப்பு என்பவற்றுக்கு ஒவ்வொன்றும் 150 சொல்லுக்குள் ஆங்கிலத்தில் விடை எழுத வேண்டும். அன்று 50 சொல். இன்று 150 சொல். இரண்டும் ஒன்றே என்று கூறினால் அது அநீதி. இன்றைய வினா அறிவதற்காக வைக்கப்பட்டது, அன்றையது ஒழிப்பதற்காக வைக்கப்பட்டது. ஆனால் அந்த 150 சொல்லோடு அவன் வாய் அடைக்கப்படுமாயின், விளைவில் இரண்டும் நெருங்கி வருகின்றன என்பதை யாரே மறுப்பர்?

இனி மற்றொரு குறை. இம்மன்றத்தின் வாசற்படி மிக உயரம். மறுவிசாரணைக் கட்டணம் ஏறத்தாழ 3,500 ஆஸ்திரேலிய வெள்ளி. நமது நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்த அளவுச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டு. அக்கட்டணம் ஒரு தோட்டத் தொழிலாளியின் ஐந்து மாதச் சம்பளத்தை விழுங்கும். கொடிய பணமுடையைக் காட்டினால் பாதி குறைப்பார்கள். வென்றால் பாதி திரும்பும். வென்றவனுக்கும் பாதி நட்டம்! சர்க்காரின் பிழையைச் சர்க்காருக்கு எடுத்துக்காட்டியவன் அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டுமாம்.

அதனினும் பெரிய குறை, அவ்வாசல் எல்லோருக்கும் இல்லாமை. ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து மனு செய்த மாணவன் மன்றத்துக்குப் போகலாம். ஈப்போவிலோ கிள்ளானிலோ இருந்து மனு செய்த மாணவனுக்கு மன்றமே இல்லை. அங்குள்ள நெருங்கிய உறவினரைக் காண விரும்புவோர் மனு போன்ற சில வகைகளில் மட்டும், அங்கிருக்கும் உறவினர் வழக்குத் தொடுக்கலாம். ஒரே சட்டம், ஒரே கட்டணம், ஒரே வினாத்தாள். நிற்கும் மண்ணைப் பொறுத்து ஒருவனுக்குச் செவி, ஒருவனுக்குச் சுவர். இது என்ன நியாயம்?

இவ்வளவு கேட்கும் நாம் நமது முற்றத்தையும் பார்க்க வேண்டாமா? நமது 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஒருவருக்கு எதிராக உத்தரவு பிறப்பிக்கும் முன் அவர் கூற்றைக் கேட்க வாய்ப்பளிக்கப்படமாட்டாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவு, நடைமுறை விதி பின்பற்றப்பட்டதா என்பது தவிர வேறெதனையும் கோர்ட்டு ஆராயலாகாது என்று கதவடைக்கின்றது. தீபகற்பத்திலிருந்து சென்று சபாவில் தொழில் புரிந்த ஒரு வழக்கறிஞரின் நுழைவு அனுமதி ரத்து செய்யப்பட்டபோது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2002-இல் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆஸ்திரேலியாவும் 2001-இல் இத்தகைய கதவொன்றைச் சட்டத்தில் மாட்டியது. அரசியலமைப்பு தந்த உரிமையை அக்கதவால் மூட இயலாது என்று அதன் ஹைக்கோர்ட்டு 2003-இல் தீர்த்தது.

கேட்பாரற்று நிற்பதன் பொருள் தோட்டத் தமிழனுக்குப் புதிதன்று. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதார் வேலை செய்யப் பெர்மிட்டு வேண்டும் என்றாயிற்று. இம்மண்ணில் ஆயுள் தேய்த்தவர்கள் ஒரு தாளுக்காக வரிசையில் நின்றார்கள். அக்காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர் கப்பலேறினர் என்பது வரலாற்று நூல்கள் கூறும் கணக்கு. அவர்களுள் எத்தனை பேரை ஒரு மன்றம் அழைத்து, “உன் பக்கத்து நியாயம் யாது?” என்று கேட்டது?

இன்று அதே தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் தற்காலிக வேலை அனுமதியோடு உழைக்கின்றனர். அனுமதி புதுப்பிக்கப்படாவிடில் அவர்களுக்கு மூட்டை கட்டுவதன்றி வேறு வழியில்லை. நம்முள் சிலர், “அந்நியன்தானே, போகட்டும்” என்கின்றனர். நம் பாட்டனையும் இதே சொல்லால்தான் கப்பலேற்றினார்கள். நமக்கு மெல்பர்னில் செவி வேண்டும், நம் தோட்டத்தில் பிறனுக்குச் செவி வேண்டா என்பது மானமுள்ளோர் பேசும் பேச்சன்று.

ஆகவே நாம் கோருவன இவை. ஆஸ்திரேலிய சர்க்கார், மாணவனாயினும் வேறெவனாயினும், தான் கேட்டுக்கொண்டால் நேரில் பேசும் வாய்ப்பைப் பறிக்கலாகாது. வென்றவனுக்கு முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து மனு செய்பவனுக்கும், குறைந்த கட்டணத்தில், தொலைபேசி வாயிலாகவேனும் ஒரு மறுவிசாரணை வேண்டும். நமது பார்லிமெண்டு 59, 59ஏ பிரிவுகளை நீக்கி, குடிநுழைவு வழக்குகளுக்கு ஒரு சுயேச்சையான மன்றம் அமைக்க வேண்டும்.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. மறுப்புக் கடிதம் வந்தால் ஒப்பாரியை நிறுத்தி, கடிதத்தைப் படியுங்கள். மேல்முறை உண்டா, எத்தனை நாளுக்குள் என்று அதிலேயே இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குள் விசா மறுக்கப்பட்டு, காவலில் இல்லாதவனுக்கு 28 நாள். மின்னஞ்சலில் வந்த கடிதம் அனுப்பப்பட்ட அன்றே கிடைத்ததாகச் சட்டம் கொள்ளும். நீங்கள் திறந்து பார்த்த நாள் கணக்கில்லை. ஒரு நாள் தப்பினாலும் தவணையை நீட்டிக்க மன்றத்திற்கே அதிகாரம் இல்லை. அறியாத ஏஜெண்டிடம் அந்நாட்களை அடகு வைக்காதீர்கள். மறுப்புக்குக் கூறப்பட்ட ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே உங்கள் அத்தாட்சியை வரிசைப்படுத்துங்கள்.

தள்ளுவதானால் தள்ளட்டும், எல்லா மனுவும் வெல்ல வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தள்ளும் முன் ஆளைக் கேட்கட்டும். கேட்டுத் தள்ளினால் அது தீர்ப்பு. கேளாது தள்ளினால் அது வெறும் அதிகாரம். அதிகாரத்துக்கு அஞ்சிப் பணிந்த காலம் நம் பாட்டன்மாரோடு போகட்டும்.